டவுன்டன் அபேயின் முடிவும் மாறிவரும் உடை ரசனையும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தையும் அதன் வேலைக்காரர்களையும் பற்றிய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான 'டவுன்டன் அபே'யின் ஆறு சீசனையும் பார்த்து முடித்திருக்கிறீர்கள். கடைசி எபிசோடில் எல்லாருக்கும் எல்லாமே கூடிவருவது உங்களுக்கு உறுத்துகிறது. இன்னொரு பக்கம், 1912-இல் தொடங்கி 1926 பிறக்கும் நொடிவரை அந்த வீட்டு மகள்கள் மேரியும் ஈடித்தும் உடுத்தும் விதம் மாறிக்கொண்டே வருவதைப் பார்த்ததும் உங்கள் அலமாரியின் நினைப்பு வந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஆசைப்பட்டு வாங்கிய உடைகள் இப்போது வேறு யாருடையதோ போலத் தெரிகின்றன. இது ரசனை முதிர்வதா, வெறும் அலைபாய்தலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. அந்தத் தொடர் எப்படி முடியப்போகிறது என்பதை அதன் ஆடைகள் பல சீசன்களுக்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டன. அதை எங்கே பார்க்கலாம் என்று சொன்னால், உங்கள் அலமாரிக்கான பதிலும் பாதி கிடைத்துவிடும். கதையின் முடிவு முழுவதையும் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தையல் தெரிந்தவர்கள் அந்தத் தொடரில் முதலில் கவனிப்பது கவுன்களின் முதுகுப்பக்கத்தை. முதல் சீசன் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு, 1912 ஏப்ரலில் தொடங்குகிறது. அந்தக் காலத்து மாலை கவுன் ஒற்றை ஆடை அல்ல. உள்ளே மெல்லிய உள்சட்டை, அதன்மேல் இடுப்பை இறுக்கும் கோர்செட், அதன்மேல் பாவாடை. கவுனுக்குள்ளேயே உடம்போடு ஒட்டிய ஒரு உள்ரவிக்கை தைத்திருக்கும். அதற்குத் தனிக் கொக்கி வரிசை. மேலே வரும் மெல்லிய துணி ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து, வேறொரு இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். இவற்றில் பெரும்பாலானவை முதுகில் இருக்கும். உடுத்தியிருப்பவரின் கை அங்கே எட்டாது. அதாவது, அந்த ஆடை தைக்கப்படும்போதே இன்னொரு ஆள் உடனிருப்பார் என்ற கணக்கோடுதான் தைக்கப்படுகிறது. அந்த இன்னொரு ஆள்தான் மேரியின் பணிப்பெண் அன்னா.

அதனால்தான் அந்தத் தொடரின் முக்கியமான பேச்சுகள் பாதிக்கு மேல் கண்ணாடி மேசை முன்னால் நடக்கின்றன. கொக்கி மாட்டிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக முடியாது. தலைமுடியைப் பின்னிக் கொண்டை போடும்போது நகர முடியாது. மேரி வேறு யாரிடமும் சொல்லாததை அன்னாவிடம் சொல்வதற்கு நட்பு ஒரு காரணம் என்றால், அந்தக் கவுனின் வெட்டு இன்னொரு காரணம். இரவு உணவுக்கு முன் உடை மாற்றிக்கொள்ளச் சொல்லி மணி ஒலிக்கும். காலைக்கு ஒன்று, வெளியே போக ஒன்று, குதிரையேற ஒன்று, இரவுக்கு ஒன்று என்று நாள் முழுவதும் மாற்றல்தான். 1911 வாக்கில் பிரிட்டனில் வீட்டு வேலையில் இருந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இந்தக் கொக்கிகளும் இருக்கின்றன.

இப்போது ஆறாவது சீசனுக்கு, 1925-க்கு வாருங்கள். மேரியின் கவுன் தோளிலிருந்து நேராக இறங்குகிறது. இடுப்புக்கோடு இடுப்பெலும்புவரை இறங்கிவிட்டது. தலைவழியாகப் போட்டுக்கொண்டு, இடது பக்கவாட்டில் இரண்டு மூன்று பிரஸ் பட்டனை அழுத்தினால் முடிந்தது. தலைமுடியும் கழுத்தோடு நின்றுவிட்டது. தானே போட்டுக்கொள்ளக்கூடிய உடை, தானே சீவிக்கொள்ளக்கூடிய முடி. பணிப்பெண் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாள், ஆனால் அவள் இல்லாமலும் இது நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். கடைசி எபிசோடில் ஆளாளுக்கு ஒரு திசையில் கிளம்புவதைத் திடீர்த் திருப்பமாக நான் பார்க்கவில்லை. சில வருடங்களுக்கு முன்பே கவுனின் முதுகிலிருந்த கொக்கிகள் போய்விட்டன. ஆட்கள் போவது அதன் தொடர்ச்சி.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2015 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான அந்தக் கடைசி எபிசோடைப் பாருங்கள். கதைப்படி 1925 டிசம்பர் 31. ஈடித்துக்கும் பெர்ட்டி பெல்ஹாமுக்கும் கல்யாணம். வீடு நிறைய விருந்தாளிகள். அந்த நாளில் அன்னாவுக்கு மேரியின் அறையில் பிரசவ வலி எடுக்கிறது. மேரி அவளை அங்கேயே, தன் கட்டிலிலேயே படுக்கச் சொல்கிறாள். ஆறு சீசனாக அந்த அறையில் நின்றுகொண்டே மேரிக்கு உடுத்திவிட்ட பெண், அந்தக் கட்டிலில் படுத்துக் குழந்தை பெறுகிறாள். என்னைப் பொறுத்தவரை தொடரின் முடிவு இதுதான். கல்யாணமும் பாட்டும் அதற்குப் பிறகு வருபவை.

அதே எபிசோடில் மேரியிடம் ஒரு ஹேர் டிரையர் வந்து சேர்ந்திருக்கிறது. வேலைக்காரர்கள் எல்லாரும் அதை ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். சமையலறைப் பெண் டெய்சி தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு பாழாக்கிவிடுகிறாள், அன்னா அதைச் சரிசெய்து கொடுக்கிறாள். பலர் இதைச் சிரிப்புக்கான காட்சி என்று கடந்துபோயிருப்பார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். மேரி முடியைக் கழுத்தளவுக்குக் குட்டையாக, 'பாப்' என்ற பாணியில் வெட்டிக்கொண்டது கதைப்படி 1924. அது சமையலறைக்கு இறங்கி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. டெய்சி நமக்கு அறிமுகமான நாளிலிருந்து அவள் முடி தொப்பிக்குள் மறைந்தே இருந்தது. அதை யாரும் பார்ப்பார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இருந்ததில்லை. தன்னை ஒருவர் பார்க்கக்கூடும், தான் பார்க்கப்படத் தகுந்தவள் என்று அவளுக்குத் தோன்றிய அன்றுதான் கத்தரிக்கோலை எடுக்கிறாள். கூடவே மாமனார் மேசனின் பண்ணைக்குக் குடிபோகவும் முடிவெடுக்கிறாள். கதையில் ஒரு ஆளின் 'ஸ்டைல்' இவ்வளவு தெளிவாகப் பிறக்கும் இடம் எனக்கு வேறு தெரியவில்லை. மேலே பட்டிலும் மணியிலும் பதினான்கு வருடம் நடந்ததையெல்லாம் கீழே ஒரு கோணல் வெட்டு சொல்லிவிடுகிறது.

சரி, உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். முடிவு தித்திப்புதான், மறுக்கவில்லை. ஈடித்துக்குக் கணவரும் பட்டமும். மேரியின் முதல் கணவனின் தாய் இசபெலுக்கும் மெர்ட்டன் பிரபுவுக்கும் கல்யாணம். மேரியின் இரண்டாவது கணவன் ஹென்றியும், தங்கை சிபிலின் கணவன் பிரான்சனும் சேர்ந்து கார் கடை. மேரி மறுபடி கர்ப்பம். வேலைக்காரர் மோல்ஸ்லி முழுநேர ஆசிரியர். சமையல்காரி மிஸஸ் பாட்மோருக்கும் மேசனுக்கும் இடையில்கூட ஏதோ துளிர்க்கிறது. எல்லாவற்றையும் ஒரே இரவுக்குள் அடைத்தது கதாசிரியர் ஜூலியன் ஃபெலோஸின் பலவீனம் என்றே நினைக்கிறேன். இசபெலின் கல்யாணம் கொஞ்சம் முன்னாலேயே முடிந்திருக்கலாம், கார் கடை இன்னொரு எபிசோடுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் அந்தத் தித்திப்புக்கு அடியில் ஒரு இழப்பு இருக்கிறது. வேலைக்காரர்களின் தலைவரான பட்லர் கார்சனின் கை நடுங்குகிறது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வந்த அதே நோய். ஒயின் ஊற்ற முடியாத பட்லர் பட்லராக நீடிக்க முடியாது. அந்த இடத்துக்கு வருவது அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் பாரோ. அதே சீசனில் தனிமை தாங்காமல் உயிரை விட முயன்று காப்பாற்றப்பட்டவன், வேறு வீட்டில் வேலை கிடைத்துப் போனவன், அங்கே ஒரு முதிய தம்பதியோடு சத்தமில்லாத சாப்பாட்டறையில் நின்றவன். அவனுக்கு இந்த வீடு திரும்பக் கிடைப்பதைப் பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் குறைந்துகொண்டே போகும் வீட்டுக்குத்தான் அவன் தலைமை ஏற்கிறான். கார்சனின் வேலையை அவன் பார்க்கலாம், ஆனால் கார்சன் வேலைக்குச் சேர்ந்த வீடு இனி இல்லை. முடிவை இப்படிப் பார்த்தால் உங்கள் உறுத்தல் குறையும் என்று நம்புகிறேன்.

இனி அக்கா தங்கைகள் மூவரின் உடை. நீங்கள் உங்கள் அலமாரிக்காகக் கேட்டது இங்கேதான் இருக்கிறது.

கடைசித் தங்கை சிபில் முதலில் மாறுபவள். முதல் சீசனின் நான்காவது எபிசோடில் இரவு உணவுக்கு நீல நிறத்தில் தொளதொளப்பான கால்சட்டையோடு இறங்கி வருகிறாள். மொத்தக் குடும்பமும் வாயடைத்துப் போகிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கார் ஓட்டுநர் பிரான்சன் புன்னகையோடு பார்க்கிறான். பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே 1911-இல் இப்படிப்பட்ட கால்சட்டைகளைக் கொண்டுவந்து ஐரோப்பா முழுக்கப் பேச்சாகியிருந்தது, ஆகவே கதையின் காலத்தோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் சிபிலின் உடைப் புரட்சி அந்த ஒரு இரவோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? அதற்கப்புறம் அவளை நாம் நினைவில் வைத்திருப்பது போர்க்கால நர்ஸ் சீருடையில். முதலில் உடையால் சொல்லிப் பார்த்தாள், பிறகு வேலையே கிடைத்தது, சொல்ல வேண்டிய தேவை போய்விட்டது. இது எல்லா வயதிலும் நடக்கும். வாழ்க்கையில் செய்ய முடியாத ஒன்றை முதலில் உடையில் செய்து பார்க்கிறோம். அந்த உடை பிறகு பிடிக்காமல் போனால் அது வீண் செலவல்ல. அதன் வேலை முடிந்திருக்கலாம்.

மேரி வேறு மாதிரி. அவள் உடை மாறுகிறது, அவள் மாறுவதில்லை. 1912-இலும் சரி, 1925-இலும் சரி, அவளுக்குப் பிடித்தது அலங்காரம் குறைந்த நேர்க்கோடு, ஒற்றை நிறம். காலம் இடுப்பைக் கீழே இறக்கினால் அவளும் இறக்கிக்கொள்வாள், நீளத்தைக் குறைத்தால் குறைத்துக்கொள்வாள். ஆனால் பூவேலைக்கும் தொங்கட்டானுக்கும் போவது அபூர்வம். அவளுடைய பெரிய மாற்றங்கள் இரண்டு இடத்தில் நடக்கின்றன. ஒன்று நான்காவது சீசனின் தொடக்கம். கணவன் மேத்யூ இறந்து அரை வருடம் ஆகிறது. கருப்புக்குள் உறைந்து கிடக்கிறாள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் துக்க உடைக்குப் படிகள் உண்டு: முதலில் முழுக் கருப்பு, பிறகு 'அரைத் துக்கம்' என்று சாம்பலும் இளம் ஊதாவும். போரில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்த பிறகு அந்த விதிகள் தளர்ந்துவிட்டன, ஆனாலும் நிறங்களின் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். எஸ்டேட்டின் குத்தகைக்காரர்களுக்கான விருந்துக்கு மேரி ஊதா நிறத்தில் வந்து நிற்கும்போது, அவள் வாய் திறக்கும் முன்பே எல்லாருக்கும் செய்தி போய்விடுகிறது. துக்கம் முடியவில்லை, ஆனால் வேலைக்கு வந்துவிட்டாள்.

அதே சீசனில் இன்னொரு காட்சி. வாங்கி வந்த பன்றிகள் தண்ணீர் இல்லாமல் சாகக் கிடக்கின்றன. மேரி இரவு உணவுக்கான மாலை கவுனோடு, வீட்டுக்கு விருந்தாளியாக வந்த சார்ல்ஸ் பிளேக்கோடு சேர்ந்து சேற்றில் இறங்கி வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறாள். முகமெல்லாம் சேறு. அப்புறம் சமையலறையில் அவளே முட்டை பொரித்துத் தருகிறாள். அந்த கவுன் பாழாகிறது, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் உடையைப் பற்றிய அவளுடைய மதிப்பீடு மாறிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பிறகு எஸ்டேட் பொறுப்பு முழுவதும் அவள் கைக்கு வரும்போது, பகலில் அவளைப் பார்த்தால் கச்சிதமாகத் தைத்த ட்வீட், உறுதியான ஷூ.

இரண்டாவது இடம் அந்த 'பாப்' வெட்டு, ஐந்தாவது சீசனின் ஆறாவது எபிசோட். மேரிக்கு அது அற்புதமாகப் பொருந்துகிறது. பாட்டி வயலட், மேரியின் உடையில் யாரோ ஆண்பிள்ளை நிற்கிறான் என்று நினைத்ததாகச் சொல்லி வாருகிறார். ஆனால் அந்த மாலையில்தான் ஈடித்துக்கு அவள் காதலன் கிரெக்சன் மியூனிக்கில் கொல்லப்பட்டது உறுதியாகிறது, 1923 நவம்பரில் ஹிட்லரின் ஆட்கள் நடத்திய கலகத்தில். வீடு துக்கத்தில் இருக்கும்போது மேரி புதுத் தலையோடு வந்து கதவில் நின்று எல்லாரும் பார்க்கக் காத்திருக்கிறாள். வெட்டில் குறை ஒன்றுமில்லை, வந்து நின்ற நேரம்தான் கொடூரம். அழகான மாற்றம் ஒன்று எப்படி அடுத்தவருக்கு அடியாக விழும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி எனக்கு வேறு நினைவில்லை.

ஈடித்துக்குத்தான் உண்மையான வளர்ச்சி. முதல் சீசனில் அவள் உடை அக்காவின் நிழல். மூன்றாவது சீசனில் ஆன்டனி ஸ்ட்ராலன் மணமேடையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். கனத்த சாட்டின், நீண்ட பின்தொங்கல், தலையில் கிரீடம் என்று முழு மணப்பெண் அலங்காரத்தோடு அவள் திரும்பி வீட்டுக்கு ஓடி வந்து முக்காட்டைப் பிடுங்கி எறிகிறாள். அதன் பிறகு லண்டன், பத்திரிகையில் பத்தி எழுதும் வேலை, கிரெக்சன். லண்டனில் அவள் அணியும் மாலை ஆடைகளைப் பாருங்கள்: பச்சை, ஆரஞ்சு, பீச் நிறங்கள், மணி வேலை, கீழை நாட்டுச் சாயலுள்ள வடிவங்கள். டவுன்டன் சாப்பாட்டறையில் போட்டிருக்க முடியாதவை. அவளை அங்கே யாரும் 'பாவம் ஈடித்' என்று பார்ப்பதில்லை. வேறு ஊரில், வேறு ஆட்களுக்கு நடுவில்தான் அவளுக்கு உடை பிடிபடுகிறது. ஆறாவது சீசனில் அந்தப் பத்திரிகையே அவள் கைக்கு வருகிறது. வீம்பு பிடித்த ஆசிரியரை அனுப்பிவிட்டு, பெர்ட்டியின் துணையோடு விடிய விடிய உட்கார்ந்து இதழை முடிக்கிறாள். கடைசி எபிசோடின் கல்யாண உடையை அந்தப் பழைய சாட்டினோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். லேஸில் நேராக இறங்கும், சத்தமில்லாத ஒரு ஆடை. மார்க்விஸ் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் பெற்றவருக்கு மனைவியாகப் போகிறவள் ஐந்து வருடம் முன்பு அணிந்ததைவிட எளிமையாக நிற்கிறாள். கிரெக்சனுக்குக் கல்யாணமாகாமலே தான் பெற்ற மகள் மாரிகோல்டைப் பற்றிய உண்மையைப் பெர்ட்டியின் தாயிடம் தானே சொல்லிவிட்ட பிறகு வரும் எளிமை அது. மறைக்க ஒன்றுமில்லாதவளுக்கு அவ்வளவு துணி தேவைப்படவில்லை.

அந்தச் சமரசத்துக்குப் பின்னால் மேரி இருக்கிறாள் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். பொறாமையில் உண்மையைப் பெர்ட்டியிடம் போட்டு உடைத்துக் கல்யாணத்தைக் கெடுத்தவளே, ரிட்ஸ் ஹோட்டலில் ஈடித்தும் பெர்ட்டியும் சந்திக்க ஏற்பாடு செய்கிறாள். அக்கா தங்கை இருவரும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டார்கள் என்று தொடர் சொல்லவில்லை. சண்டையை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த அளவோடு நிறுத்தியது நல்ல எழுத்து.

பாட்டி வயலட்டைச் சொல்லாமல் விட முடியாது. பதினான்கு வருடமும் அவர் உடையின் அச்சு மாறவே இல்லை: தரை தொடும் பாவாடை, எலும்பு வைத்துத் தைத்த உயர்ந்த கழுத்துப்பட்டை, பெரிய தொப்பி, கைத்தடி, ஊதாவின் எல்லாச் சாயல்களும். மூன்றாவது சீசனில் மகன் ராபர்ட் வாலில்லாத டின்னர் கோட்டில் வந்து நிற்கும்போது வெயிட்டர் என்று நினைத்துப் பானம் கேட்டுவிடுகிறார். பிடிவாதமான கிழவி என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஊதாவை யோசித்துப் பாருங்கள். வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் 1856-இல் லண்டனில் மலேரியா மருந்து செய்யப் போய்த் தற்செயலாகச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அடுத்த சில வருடங்களில் அந்த நிறம் இங்கிலாந்தையே பைத்தியமாக்கியது. வயலட் தலைமுறைப் பெண்களின் சிறுவயது அதுதான். இன்று நமக்குப் பாட்டி நிறமாகத் தெரிவது, அன்று ஆய்வுக்கூடத்திலிருந்து சுடச்சுட வந்த புதுமை. விதவையின் அரைத்துக்க நிறமும் அதுவே என்பதால் வயலட்டுக்கு அது இரண்டு வகையிலும் சொந்தம். ஒரு காலத்தில் முன்னால் நின்றவர், தன் இடம் இதுதான் என்று முடிவு செய்து நின்றுகொண்டார். நிஜத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். ஐந்தாம் ஜார்ஜின் மனைவி ராணி மேரி, எல்லாரும் பாவாடையைக் குறைத்த காலத்திலும் நீண்ட பாவாடையையும் தன் வழக்கமான தொப்பியையும் 1953-இல் இறக்கும்வரை விடவில்லை. உடை மாறியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. நிற்பதும் ஒரு முடிவுதான், அதை நீங்களே எடுத்திருந்தால்.

ஒரு சின்ன விலகல். தொடரில் டவுன்டன் மாளிகையாக நாம் பார்ப்பது ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைக்ளேர் மாளிகை. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் எகிப்து மன்னன் தூதன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்தபோது செலவு செய்த கார்னர்வன் பிரபுவின் வீடு அது. அந்தக் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து ஐரோப்பிய உடைகளிலும் நகைகளிலும் எகிப்திய உருவங்கள் கொட்டின. கதையில் ராபர்ட்டின் நாய்களுக்கு ஃபாரோ, ஐசிஸ், தியா என்று பெயர் வைத்திருப்பது அந்த வீட்டுக்கான மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் அலமாரி. இந்தத் தொடரின் உடைகள் எப்படித் தயாரானது என்பதில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் சீசனின் வடிவமைப்பாளர் சுசன்னா பக்ஸ்டன், அதற்காக 2011-இல் எம்மி என்ற தொலைக்காட்சி விருது வாங்கியவர். அப்புறம் ரோசலிண்ட் எபட், கேரலைன் மெக்கால், கடைசி இரண்டு சீசன்களுக்கு அன்னா ராபின்ஸ். நூறு வருடப் பழைய நிஜ ஆடைகள் கிடைக்கும், ஆனால் பட்டு நைந்துபோய், மணிகளின் கனம் தாங்காமல் தோளில் கிழியும். ஆகவே பழைய ஆடையில் நன்றாக இருக்கும் பகுதியை மட்டும், ஒரு எம்பிராய்டரி மார்புப்பட்டை, ஒரு முழம் லேஸ், ஒரு மணிவேலைத் துண்டு என்று பிரித்தெடுத்து, புதுத் துணியில் அந்தக் காலத்து வெட்டில் தைத்த ஆடையின்மேல் வைத்துத் தைத்தார்கள். முழுவதும் பழையதாக வைத்துக்கொண்டால் நடிகை நடக்க முடியாது, முழுவதும் புதிதாகச் செய்தால் அந்தக் காலத்தின் உயிர் வராது.

நீங்களும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். இப்போது அந்நியமாகத் தெரியும் உடைகளில் எது அந்நியம்? நிறமா, துணியா, தோள் வெட்டா, நீளமா? பெரும்பாலும் ஒரே ஒரு அம்சம்தான் இருக்கும். நிறம் இன்றும் பிடித்து, இடுப்பு இறுக்கம் மட்டும் பிடிக்கவில்லை என்றால், உங்கள் ரசனை மாறவில்லை. நீங்கள் உட்காரும் நேரம் கூடியிருக்கிறது, அல்லது நடக்கும் தூரம் கூடியிருக்கிறது. துணி பிடித்து வேலைப்பாடு பிடிக்கவில்லை என்றால், மற்றவர் கண்ணில் படவேண்டும் என்ற தேவை குறைந்திருக்கிறது. அலைபாய்தலுக்கும் வளர்ச்சிக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். கடைசியாக மனம் விரும்பி வாங்கிய நாலைந்து உடைகளை எடுத்து வையுங்கள். அவற்றுக்குள் பொதுவாக ஒரு கோடோ, ஒரு நிறக் குடும்பமோ, ஒரு துணி வகையோ இருந்தால் நீங்கள் மேரியைப் போல. வடிவம் காலத்தோடு மாறட்டும், அந்தப் பொதுவான ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவும் பொதுவாக இல்லையென்றால் நீங்கள் ஈடித்தின் நடுச் சீசன்களில் இருக்கிறீர்கள். அதில் பதற ஒன்றுமில்லை. உங்களைப் புதிதாகப் பார்க்கும் ஆட்களுக்கு நடுவில் எதைப் போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். பழகியவர்கள் நடுவில் நாம் அவர்கள் எதிர்பார்க்கும் உடையைத்தான் எடுப்போம்.

இன்னொன்று, கொக்கிகளைப் பற்றி மேலே சொன்னதை உங்களுக்கும் பொருத்திப் பாருங்கள். உங்கள் அலமாரியில் இன்னொருவர் உதவியோ, தனிச் சலவையோ, அரைமணி இஸ்திரியோ இல்லாமல் போட முடியாத உடை எத்தனை? அந்த உதவியும் நேரமும் உங்கள் இன்றைய வாழ்க்கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் அதை வெறுக்கவில்லை, அதற்கான ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்டவற்றில் உயிருக்கு உயிராகப் பிடித்த ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றின் நல்ல பகுதியை வேறு வெட்டுக்கு மாற்றித் தைக்கக் கொடுத்துவிடலாம்.

மாற்றுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்று போதும். அந்தக் காலத்துப் பெண்களும் ஒரே நாளில் 1912-இலிருந்து 1925-க்குத் தாவவில்லை. போரின்போது பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியது, 1922, 1923-இல் மறுபடி இறங்கியது, 1925-க்குப் பிறகுதான் முழங்காலை நெருங்கியது. நடுவில் இடுப்பு இறங்கியது, முடி போனது. ஏறி இறங்கித்தான் மாற்றம் வந்தது. உங்கள் ரசனை ஒரு வருடம் முன்னே போய் மறு வருடம் பின்னே வந்தால் அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால், பிரிட்டன் ஒளிபரப்புக் கணக்குப்படி இந்த வரிசையில் பாருங்கள்: முதல் சீசன் நான்காவது எபிசோட், நான்காவது சீசனின் முதலாவதும் ஆறாவதும், ஐந்தாவது சீசனின் ஆறாவது, ஆறாவது சீசனின் நான்காவது, அப்புறம் கடைசி எபிசோட். இடையில் சொன்ன அந்த ஆறாவது சீசன் நான்காவது எபிசோடில்தான் க்வென் வருகிறாள். முதல் சீசனில் டைப்ரைட்டரை ஒளித்து வைத்துப் பழகி, சிபிலின் உதவியோடு செகரட்டரி வேலைக்குப் போன அதே வேலைக்காரப் பெண். இப்போது கணவனோடு, தொப்பியும் நல்ல உடையுமாக, விருந்தாளியாக மேசையில் உட்காருகிறாள். தங்கள் படுக்கையை விரித்தவள் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் அடையாளம் தெரிவதில்லை. தாமஸ்தான் போட்டு உடைக்கிறான். உடை மாறினால் ஆளே தெரியாமல் போகிற அளவுக்கு அந்த வீட்டார் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று அப்போது புரியும். தொடருக்குப் பிறகு 2019, 2022, 2025 என மூன்று படங்கள் வந்தன. கதை 1930 வரை போகிறது. முடிவு போதவில்லை என்று நினைத்தால் அவற்றுக்குப் போகலாம், ஆனால் இந்த ஆறு எபிசோடையும் முதலில் பார்த்துவிடுங்கள்.